வலைக் குடோனில் ஒரு அலறல்!

"கதவைத் தொறங்க! செத்துருவேன்...!"

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம். உச்சி வெயில்.

வலைகள் போட்டு வைக்கும் தகரக் குடோனுக்குள்ளிருந்து வந்தது அந்த அலறல். வெளியே கனமான பூட்டு!

இன்ஸ்பெக்டர் தளவாய் ஓடி வந்து பூட்டை உடைப்பதற்குள் சத்தம் நின்று போயிருந்தது.

உள்ளே விசைப்படகு டிரைவர் அம்புரோஸ் குப்புறக் கிடந்தான். நெற்றி பிளந்து, முகமெல்லாம் ரத்தம்!

உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏழு தையலோடு அவன் கண் விழித்ததும் தளவாய் ஆரம்பித்தார்.

"யாருலே பூட்டினது?"

"தெரியல சார். முகமூடி போட்ட ரெண்டு பேரு..."

அரை மணி நேரத்தில் அந்த இருவர் மூவரானார்கள். அடுத்த அரை மணியில் ஒருவன்கூட இல்லை. காற்றில் கதவு தானாகவே சாத்திக்கொண்டதாம்!

"காத்தா பூட்டும் போட்டுச்சு?" தளவாய் கத்தினார். "ஏலே, எம் பொறுமையச் சோதிக்காத!"

கட்டிலின் மறுபக்கம் அவன் மனைவி எமில்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தளவாய் அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"நாந்தான் சார் பூட்டுனேன்."

தளவாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது!

"கட்டுன புருஷனையா? இந்த வெயில்லயா? இது கொலை முயற்சிம்மா!"

"அவளை விடுங்க சார்!" அம்புரோஸ் எழப் பார்த்தான். "பூட்டச் சொன்னதே நாந்தான்!"

"என்னது...?"

"ஆன்லைன் ரம்மி சார். மூணு வருஷமா விட முடியல. ஒரு ஆப்பை மூடுனா இன்னொன்னு முளைக்குது. எம் மவளுக்கு மாதா கோயில்ல புதுநன்மைச் சடங்கு நடக்கும்போதுகூட வாசல்ல நின்னு ஆடுனேன். ஆறு வாரமா கவுன்சிலிங் போறேன். நாப்பது நாளு தொடல. இன்னைக்கு மீன் வித்த பங்குப் பணம் குடுக்குற நாளு... கைக்கு வந்தா ஆடிருவேன்னு பயம். செல்லைப் புடுங்கிட்டு என்னியப் பூட்டு, கெஞ்சுனாலும் தொறக்காதன்னு சொன்னேன்."

"பொறவு எதுக்குலே கத்துன?"

"பத்தாவது நிமிஷமே செல்லு வேணும்னு ஆயிட்டு சார். கதவுல தலைய முட்டுனேன்..."

"எனக்குக் கேட்டுச்சு சார்," என்றாள் எமில்டா. "ஐஸ் கம்பெனி வாசல்ல காதைப் பொத்திட்டு நின்னேன். எத்தன தடவ ஏமாந்திருக்கேன்! இதுவும் நடிப்புன்னு நெனச்சுட்டேன்..."

அப்போது, எமில்டா சொல்லியனுப்பிய தகவல் கேட்டு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார் மனநல ஆலோசகர் சரண்யாதேவி. தையலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது.

"ஆள் கூட இருக்கணும்னு சொன்னேன். ஆளைப் பூட்டச் சொல்லலையே! ஆசை ஏறும். இருபது நிமிஷம் தாக்குப்பிடிச்சா தானா இறங்கும். அந்த நேரத்துல எனக்கு ஃபோன் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"ஃபோன்லதான மேடம் ரம்மியே இருக்கு!" அம்புரோஸ் வெடித்தான்.



சரண்யாதேவி மெல்ல ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அது என் தப்பு. இதை யோசிச்சிருக்கணும். நாளைக்கே ஒரு பட்டன் ஃபோன் வாங்குங்க. பங்கு நேரா எமில்டா கைக்குப் போகட்டும், படகு ஓனர்கிட்ட நான் பேசுறேன். இனி ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க."

"இன்னைக்குத் தோத்துட்டேனே மேடம்..."

"ஆடினீங்களா?"

"இல்ல."

"அப்போ இது நாற்பத்தோராவது நாள்."

எமில்டா கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தளவாய் வாக்குமூலத் தாளை மடித்து வைத்தார். ஆனால் ஸ்டேஷனுக்குக் கிளம்பவில்லை. வராந்தா வரை சரண்யாதேவியின் பின்னாலேயே வந்தார்.

"மேடம்... உங்க கிளினிக் நேரம் என்ன? என் ஃப்ரெண்டு ஒருத்தருக்கும் இதே தொல்லை..."

"கடைசியா எப்போ ஆடினாராம்?"

"இன்னைக்குக் காலைலதான். ஸ்டேஷன்ல ரோல் கால் முடிஞ்ச கையோட..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்!

சரண்யாதேவியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"வியாழக்கிழமை பதினோரு மணி சார். ஃப்ரெண்டை மஃப்டியில வரச் சொல்லுங்க!"