சேறு பூசிய புலி

உடுமலைப்பேட்டையைத் தாண்டி அமராவதி அணைக்குப் போகும் வழியில், ஒரு தென்னந்தோப்பின் ஓரமாகத் தமிழ்வேந்தன் காரை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சோமனூரில் அவனுக்கு விசைத்தறி உதிரிபாகக் கடை. வாரமெல்லாம் தறிச் சத்தம், ஞாயிறானால் கேமரா. அன்று காலை அணைப் பக்கம் மயில்களை எடுத்து முடித்து, மாலைக்கு இங்கே ஒரு பழைய நடுகல்லைத் தேடி வந்திருந்தான்.

மனைவி பொற்கொடிக்குப் படம் எடுப்பதில் ஆர்வம் கிடையாது. தனியாக விட்டால் இவன் நேரத்துக்கு வீடு திரும்ப மாட்டான் என்பதற்காகக் கூட வந்தாள்.

தோப்பின் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்றது அந்தப் புலிகுத்திக் கல். புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்காக நட்ட கல். கொங்குப் பக்கம் இப்படிப் பல உண்டு. ஆனால் இந்தக் கல்லின் தெளிவான படம் மட்டும் யாரிடமும் இல்லை. தமிழ்வேந்தனின் வாட்ஸ்அப் குழுவில் பலர் இங்கே வந்து போயிருக்கிறார்கள். படம் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

கல்லில் செதுக்கிய வீரன் ஈட்டியை ஓங்கியபடி நின்றான். அவன் முகத்தில் மஞ்சள், குங்குமம். புலி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சேறு அப்பிக் கிடந்தது.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க?"

ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மாசாணியம்மாள் என்று பெயர் சொன்னாள். தோப்பை அவள் குடும்பம்தான் பார்த்துக்கொள்கிறதாம்.

"சோமனூருங்க. போட்டோ எடுக்க வந்தோம்."

"போன தடவையும் போட்டோன்னுதான் வந்தாங்க. அப்புறம் பாத்தா கடப்பாரையோட நிக்கறானுக."

பொற்கொடி சிரித்தாள். "இவரு ஊட்டுல கேஸ் சிலிண்டரையே நகத்த மாட்டாருங்க. இதையா தூக்கிட்டுப் போகப் போறாரு?"

மாசாணியம்மாள் சிரிக்கவில்லை. "மனுசனை எடுத்துக்குங்க. சேத்தைத் தொட்டுப்போடாதீங்க. வருசாவருசம் நாங்க பூசறது."

"எதுக்குங்க பூசறீங்க?"

"பூசறமுங்க. அவ்வளவுதான்."

அவள் ஆடுகளோடு போய்விட்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"சேத்துக்கடியில எழுத்து இருக்குது. நிலத் தகராறு ஏதாவது இருக்கும், அதை மறைக்கறாங்க" என்றான் தமிழ்வேந்தன்.

"இருந்துட்டுப் போகுது. ஊட்டுக்குப் போலாங்க."

அவன் கேட்கவில்லை. தேய்ந்த சிற்பங்களைப் படமெடுக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். மைதா மாவைத் தடவி, மேலாகத் துடைத்துவிடுவார்கள். பள்ளங்களில் மாவு தங்கி உருவம் பளிச்சென்று வரும். கல்லுக்குக் கெடுதல் என்று தெரிந்தவர்கள் சொன்னாலும் விடமாட்டார்கள். அவன் பையிலும் பிரஷும் மாவும் எப்போதும் இருக்கும்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். சேறு அடுக்கடுக்காக உரிந்தது. செம்மண், அதற்கடியில் கரிசல், அதற்கடியில் மறுபடி செம்மண். ஒவ்வோர் அடுக்கிலும் விரல் தடங்கள். கடைசி அடுக்கு பெயர்ந்ததும் ஒரு நாற்றம் எழுந்தது. நனைந்த ரோமத்தின் நாற்றம்.

எழுத்து எதுவும் இல்லை. புலி மட்டும்தான். அதன் முகம் ஈட்டிக்காரனைப் பார்க்கவில்லை. கல்லுக்கு வெளியே பார்த்தது.

மாவைத் தடவிவிட்டுக் கேமராவை எடுத்தான். கல்லின்மேல் வெளிச்சம் விழும்படி, பக்கத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு பொற்கொடி நின்றாள். அந்தக் கேமராவில் ஒரு வசதி இருந்தது. எதிரே விலங்கோ பறவையோ வந்தால் அதன் கண்ணைத் தானே கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் போட்டுக் காட்டும். காலையில் மயிலுக்காகப் போட்டதை அவன் மாற்றவில்லை.

புலியின் கண்மேல் கட்டம் விழுந்தது.

கேமரா கல்லைப் பார்த்து ஏமாந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஒரு படம் எடுத்தான்.

அடுத்த படத்துக்குக் கட்டம் கல்லில் இல்லை.

கல்லுக்குக் கீழே, புல்லில் இருந்தது.

கேமராவை இறக்கிப் பார்த்தான். வெறும் புல். மறுபடி கண்ணில் வைத்தான். கட்டம் தென்னைகளுக்கு நடுவே தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. மெதுவாக. நின்று நின்று.

அதுவரை தோப்புக்குள் எங்கோ அகவிக்கொண்டிருந்த மயில் ஓய்ந்தது.

"பொற்கொடி, சும்மா ஏதாவது விளையாடறயா?"

"அட்டையப் புடிச்சுட்டு நிக்கறேன். இதுல என்னத்த விளையாடறது?"

கட்டம் அவளைச் சுற்றி வந்தது. அவள் இடுப்புக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் நின்றது. ஒன்று இரண்டானது.

இரண்டு கண்கள்.

அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் விரல் பொத்தானை அழுத்தியது. படத்தில் மனைவி மட்டும்தான் இருந்தாள். அவள் சேலைத் தலைப்பு மட்டும், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாற்போல் விறைத்து நின்றது.

"ஏனுங்க," என்றாள் அவள், அசையாமல். "என் பொறத்தால யாரோ மூச்சு விடறாங்க."

தமிழ்வேந்தன் கேமராவைக் கீழே போட்டான். தரையில் கிடந்த ஈரச் சேற்றை அள்ளி அள்ளிப் புலியின் முகத்தில் அப்பினான். சேறு ஒட்டவில்லை. மைதா மாவு பசையாகி வழுக்கியது. அப்பியதெல்லாம் சரிந்து அவன் காலடியில் விழுந்தது.

"ஓடி வா!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினான். முன்கதவை அவன் திறந்துவிட்டான். அவள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள். ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

காரை விரட்டினான். பின்னாலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக அவன் வேகத்தைத் திட்டிக்கொண்டே வருகிறவள். கண்ணாடியை அவளை நோக்கித் திருப்ப இரண்டு முறை கையைக் கொண்டுபோனான். இரண்டு முறையும் ஸ்டியரிங்குக்கே கை திரும்பி வந்தது.

அடுத்த ஊருக்குள் நுழையும் இடத்தில் மாட்டு மந்தை எதிரே வந்தது. காரைக் கண்டதும் முன்னால் வந்த மாடுகள் நின்றன. பிறகு முட்டிமோதித் திரும்பின. ஒரு கிடாரி சாக்கடையில் விழுந்து எழுந்து ஓடியது. மேய்த்து வந்தவர் சாட்டையோடு காரிடம் வந்தார்.

"ஏனுங்க, நாய் கீய் ஏத்திட்டு வாரீங்களா? மாடெல்லாம் மெரளுது!"

"இல்லீங்க. என் சம்சாரம் மட்டும்தான்."

அவர் குனிந்து பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சாட்டை கையிலிருந்து நழுவியது. மெல்லப் பின்வாங்கி, தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மணியை எறங்கி வரச் சொல்லுங்க. மெதுவா. நீங்க திரும்பிப் பாத்துப்போடாதீங்க."

தமிழ்வேந்தன் எதிரே சாலையைப் பார்த்தபடி கூப்பிட்டான்.

"பொற்கொடி... எறங்கு கண்ணு."

தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் அவள் கிசுகிசுத்தாள்.

"எந்திரிக்க முடியலீங்க. மடி கனக்குது."