பால் காய்ச்சிய வீடு

"எங்க அம்மா சீராக் குடுத்த குத்துவிளக்கு எங்கக்கா? இப்பச் சொல்லுங்க... இப்பவே சொல்லுங்க!"

உமாதேவி போட்ட சத்தம் வாசலில் நின்ற மினி லாரி வரைக்கும் கேட்டிருக்கும். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த மகாலட்சுமி நிமிரவில்லை. நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம். கூடலூர் வாடகை வீட்டைக் காலி செய்து, வீரபாண்டியில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகிற நாள் அது. நல்ல நாள் பார்த்துத்தானே இந்த வீட்டில் வம்பு கிளம்பும்!

வீடு மாறுகிறோம் என்றால் ஆளாளுக்கு, "எல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்று கேட்பார்கள். எடுத்து வைப்பது யார் என்று ஒருவராவது கேட்பார்களா? கொழுந்தன் தங்கப்பாண்டியனின் இஸ்திரி போட்ட சட்டைகள் மடிப்புக் கலையாமல் ஒரு பெட்டியில் இருந்தன. புருஷன் கருத்தக்கண்ணனின் ஜீப் பட்டறைச் சாமான்களைச் சாக்கில் கட்டியாகிவிட்டது. ஓரகத்தி உமாதேவிக்கு அஞ்சாம் மாசம், குனியக் கூடாது. அதனால் அவளுடைய மாத்திரை, ஸ்கேன் ரிப்போர்ட், சாய்ந்து படுக்கிற தலையணை எல்லாம் தனிப் பையில், லாரியில் ஏற்றாமல் கையிலேயே கொண்டுபோகிற மாதிரி வைத்திருந்தாள். எல்லாம் மகாலட்சுமியின் ஒற்றைக் கை வேலை.

"வெளக்கு வீரபாண்டியிலதான் இருக்கு உமா. போனதும் பாரு."

"அங்கன எப்படிப் போச்சு? காலு மொளச்சு நடந்து போச்சா? பால் காய்ச்சிட்டுத் திரும்புன அன்னிக்கு என் மடியில வச்சுத்தானக்கா கொண்டாந்தேன்!" உமாதேவிக்கு மூச்சு வாங்கியது. "எதுத்த வீட்டுச் சுகிர்தம் பார்த்துட்டு வந்து சொன்னா. தெனமும் சாயங்காலம் பையும் கையுமா தேனி பஸ்ல ஏறுனீகளாம்! எங்ககிட்டக் கோயிலுக்குன்னு சொல்லிட்டு... போற வழியிலதான இருக்கு சின்னமனூரு, உங்க அம்மா வீடு! இன்னும் என்னென்ன போச்சோ..."

மகாலட்சுமியின் கை நின்றுவிட்டது. தங்கப்பாண்டியன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தான். அவள் கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது டவுசர் பட்டன் இல்லாமல் நின்ற பையன் அவன். தாயில்லாத பிள்ளையைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, பெண் பார்த்துக் கட்டிவைத்தவள் அவள்தான்.

"மதினி... போற வீட்லயாச்சும் நிம்மதியா இருக்கணும்னு நெனச்சேன். அவ புள்ளத்தாச்சி, தெனம் இப்படி அழுதா ஆகாது. நீங்களும் அண்ணனும் கொஞ்ச நாளு இங்கனயே இருந்துக்கங்க. வீட்டுக்காரர்ட்ட நான் பேசிக்கிறேன்."

மகாலட்சுமி புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... அவளுக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? கருத்தக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எதுக்கு வம்பு லச்சுமி... எடுத்திருந்தாக் குடுத்துரு."

அதுதான் அவளைக் கொன்றது. உமா சின்னவள், வயிற்றுப் பிள்ளையோடு மருகுகிறவள். தங்கப்பாண்டியன் பொண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன். இவருக்குமா அவளைத் தெரியவில்லை? இத்தனை வருஷம் ஒரு சோற்றுப் பானையில் சாப்பிட்டுவிட்டு!

"சரி தம்பி," என்றாள். "என் டிரங்குப் பெட்டிய எறக்கி வச்சுரச் சொல்லுங்க. அங்கன வந்து சாமான எறக்கி, அடுப்பப் பத்தவச்சுக் குடுத்துட்டு நான் பஸ் ஏறிக்கிறேன்."

லாரியிலிருந்து பெட்டி இறங்கியது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று கேட்கத் தோன்றும். சொல்கிற நிலையிலா அவளை வைத்திருந்தார்கள்? ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாதே என்று, ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் அவசர அவசரமாகப் பாலைப் பொங்கவிட்டார்கள். சாமான் எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆவணியில் குடி போய்க்கொள்ளலாம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். திரும்புகிற வேனில் சொந்தக்காரி ஒருத்தி வாய் சும்மா இருக்காமல், "பால் காய்ச்சுன வீட்ட இருட்டுல போட்டுட்டு வாரீகளே... அதுவும் புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு!" என்று கொளுத்திப் போட்டாள்.

போன வருஷம் ஒரு கருவைப் பறிகொடுத்தவள் உமாதேவி. அன்று ராத்திரி முழுக்க அழுதாள். "இனி இந்த வீட்ல வெளக்குப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது!" என்று தங்கப்பாண்டியன் கத்தினான். பேச்சு நின்றது. அழுகை நின்றதா? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விசும்புவது மகாலட்சுமிக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் மகாலட்சுமி விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பால் காய்ச்சும்போது ஏற்றிய அதே விளக்குதான் எரிய வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அப்புறம் ஆடி முழுக்க அதுதான் அவள் பிழைப்பு. மத்தியானச் சோற்றை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்புவாள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பஸ் நின்று நின்று போகும். விளக்கேற்றிவிட்டு அதே வழியில் திரும்பி வந்து ராத்திரிக்குத் தோசை ஊற்றுவாள். உட்கார இடம் கிடைத்த நாளில் தூங்கினாள், கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். தாய் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் போனது. ஒரு நாள்கூட இறங்கவில்லை.

வீரபாண்டியில் லாரி நின்றபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு மாசம் பூட்டிக்கிடந்த வீடு, தூசியும் ஒட்டடையுமாக இருக்கும் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உமாதேவி இறங்கினாள். வாசலில் நேற்றைய கோலம் அழியாமல் இருந்தது.

பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் சிரித்தபடி வந்தாள்.

"வாங்க மகாலட்சுமிக்கா! இன்னியோட பஸ்ஸு அலைச்சல் முடிஞ்சுச்சா? நான் கிருபாவதிங்க, பக்கத்து வீடு," என்று மற்றவர்களிடம் சொன்னவள், உமாதேவியின் வயிற்றைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அந்தத் தங்கச்சியா? வாய் ஓயாம ஒங்க பேச்சுத்தான். 'பால் காய்ச்சுன வீடு இருட்டாக் கெடந்தா எந் தங்கச்சி மனசு தாங்காது'ன்னு தெனம் வந்து வெளக்கேத்திட்டுப் போனாக. ஆடிக்காத்துல தீக்குச்சி நிக்குமா? முந்தானைய மறைச்சுப் பிடிச்சு, ஒரு நாளு கைகூடச் சுட்டுக்கிட்டாக. சாவியக் குடுங்க, நான் ஏத்துறேன்னேன். 'இல்ல தாயி, வீட்டு மனுசி கைதான் ஏத்தணும்'னுட்டாக..."

மகாலட்சுமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். கூடத்து மூலையில் குத்துவிளக்கு பளபளவென்று நின்றது. நேற்று வைத்த அரளிப்பூ இன்னும் முழுதாக வாடவில்லை. பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலும், நமத்துப்போகாமல் பாலிதீன் கவரில் சுற்றிய தீப்பெட்டியும் இருந்தன.

உமாதேவி விளக்கைப் பார்த்தாள். அக்காளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே கறுத்த தழும்பு.

"அக்கா..." அப்படியே அவள் தோளில் விழுந்தாள். "திருடின்னு சொல்லாத கொறையா... ஐயோ, என் நாக்கு அழுகிப் போகாதா! ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நானும் வாரேன்னு நிப்ப. அந்தப் பஸ்ல, இந்த வயித்தோட... போன வருசம் நாம பட்டது போதாதா?" மகாலட்சுமிக்கும் இப்போதுதான் அழுகை உடைந்தது. "நீ கேட்டதுகூட எனக்கு வலிக்கல உமா. அவுக கேட்டாக பாரு..."

தங்கப்பாண்டியன் தலையில் அடித்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "மதினி, என்னைய அடிங்க மதினி!"

"எந்திரிங்க தம்பி. அரிசி மூட்டைய எறக்குங்க மொதல்ல."

கருத்தக்கண்ணன் நிலைப்படியிலேயே நின்றான். உள்ளே வரக் கால் வரவில்லை. "லச்சுமி..." என்றான். சாமான் இறக்கியதும், யாரும் சொல்லாமலே லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

"வண்டியக் கூடலூருக்குத் திருப்புப்பா. எம் பொண்டாட்டி பெட்டி அங்கன கெடக்கு."

அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்து, எல்லாரையும் சாப்பிட வைத்த பிறகு மகாலட்சுமி பையைத் தேடினாள். பழக்கதோஷம். உமாதேவி பையைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணி, மெத்தையை விரித்து, தனக்கென்று கட்டிவந்த தலையணையை அதில் போட்டாள்.

"படுங்கக்கா."

"நீ சாஞ்சுக்கிற தலையாணி..."

"படுங்கங்கிறேன்ல!"

படுத்ததுதான் தெரியும். ஆடி மாதம் முழுக்க வராத தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கியது. இந்த வீட்டில் அவள் முதுகு சாய்ப்பதே இப்போதுதான்.

பொழுது சாய்ந்து கூடம் இருட்டத் தொடங்கியதும் திடுக்கிட்டு எழுந்தாள். "ஆத்தாடி, வெளக்கு! பஸ்ஸு போயிருமே..."

ஒரு கை அவள் தோளை மெல்ல அழுத்தியது.

"வெளக்கு ஏத்தியாச்சுக்கா. நீங்க தூங்குங்க."