முடிந்தது என்று குறித்த சுவர்

பழுதுப் புகார் செயலியைப் பள்ளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது காவ்யாவின் வேலை. குழாய் உடைந்தாலும் கூரை ஒழுகினாலும் போனில் பதிய வேண்டும். ஆள் போய்ச் சரிசெய்ததும் மாவட்ட அலுவலகம் 'முடிந்தது' என்று குறிக்கும். பல பள்ளிகள் அதைத் தொடுவதேயில்லை. ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து மட்டும் தினமும் புகார் வந்தது. எல்லாமே குரல் பதிவுகள். பாராட்டிவிட்டு வரலாம் என்றுதான் கண்ணமங்கலத்தில் பஸ் மாறி வந்திருந்தாள்.

"நாங்க யாரும் அனுப்பலைங்களே," என்றாள் தலைமையாசிரியை குணசுந்தரி. "போன மழையிலேர்ந்து அந்த ஆப்பை நான் தொறக்கறதே இல்ல."

மதியம்தான். ஆனாலும் மேகம் இறங்கி அறை இருண்டிருந்தது. கரண்ட் போனது. பக்கத்துத் தெரு விசைத்தறிகள் ஒரே நொடியில் ஓய்ந்தன.

காவ்யா அலுவலகப் போனில் ஒரு பதிவைத் தட்டினாள்.

மழை இரைச்சல். பிறகு, வாயில் மண் அடைத்தாற்போல் ஒரு பெண்குரல்.

"செவுரு சாஞ்சிகினு கீதும்மா... ஜல்தி வந்து பாருங்க."

குணசுந்தரி நாற்காலியைப் பற்றிக்கொண்டாள். "ரங்கம்மா," என்றாள், உதடு மட்டும் அசைய.

ரங்கம்மாள் அந்தப் பள்ளியைப் பெருக்கிக் கழுவிவந்தவள். கழிவறைச் சுவர் சாய்வதை முதலில் கண்டவளும் அவள்தான். குணசுந்தரி திரும்பத் திரும்பப் பதிந்தாள். ஆள் வரவில்லை, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் வந்தது. போன மழையில் அந்தச் சுவர் ரங்கம்மாளின் மேல் விழுந்து அவளைக் கொன்றது.

"ஆப்புல அது இன்னிக்கும் நல்லாத்தான் நின்னுகினு இருக்கு," என்றாள் குணசுந்தரி.

காவ்யா மாவட்ட அலுவலகத்தில் தன் அதிகாரியான தமிழ்வாணனுக்குப் போன் செய்தாள்.

"எவனோ விளையாடறான்மா. நாளைக்கு மீட்டிங். எல்லாத்தையும் முடிச்சு வுடு."

அவளுடையது ஒப்பந்த வேலை. ஒவ்வொன்றாக 'முடிந்தது' என்று குறித்தாள். கடைசிப் பதிவும் மறைந்தது.

போன் தானாகப் பேசியது.

"எட்டாங்கிளாசும்மா. புள்ளைங்க உள்ள கீதுங்க."

ஈரச் சுண்ணாம்பு நாற்றம் அறையை நிறைத்தது.

இருவரும் ஓடினார்கள். எட்டாம் வகுப்பின் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை விரிசல். அது அவர்கள் கண்ணெதிரே அகன்றது.

"வெளிய வாங்க! பையெல்லாம் கெடக்கட்டும், வாங்கடி!" என்று கத்தினாள் குணசுந்தரி.

பெண்கள் முட்டி மோதி வந்தார்கள். மூலையிலிருந்த ஒருத்தி மட்டும் நகராமல் விறைத்து நின்றாள். திடீரென்று, யாரோ இழுத்ததுபோல் பாய்ந்து வாசலில் வந்து விழுந்தாள்.

சுவர் விழுந்தது.

"யாரு மிஸ் என்னை இழுத்தது?"

அவள் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

மறுநாள் கூட்டத்தில் தமிழ்வாணன் நிமிர்ந்து நின்றார். செயலியைச் சரியாகப் பயன்படுத்தியதால் ஒரு வகுப்பே பிழைத்தது என்றார். கைதட்டினார்கள். காவ்யா எழுந்து, எச்சரித்தது யார், அவள் உயிரோடிருந்தபோது சொன்ன புகாரை என்ன செய்தோம் என்று சொன்னாள். கைதட்டல் நின்றது.

"உக்காரும்மா," என்றார் தமிழ்வாணன்.

அந்த மாதத்தோடு அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். அலுவலகப் போனை ஒப்படைக்க அவர் அறைக்குப் போனாள். மேசைமேல் அதை வைத்ததும் திரை ஒளிர்ந்தது. புதிய குரல் பதிவு. இடம்: மாவட்ட அலுவலகம், அதிகாரி அறை.

"சார், கேட்டுடுங்க. ஒரு தடவை கேட்டுடுங்க," என்றாள் காவ்யா.

"உனக்கு இன்னும் இந்தப் பேஜார் வுடலையா?" தமிழ்வாணன் அதைக் கேட்கவில்லை. கட்டைவிரலால் 'முடிந்தது' என்று அழுத்தினார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவருக்குள், யாரோ இருமினார்கள்.