உள்ளே இரண்டு பேர்

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே அரசெலி குவாம்பாக் கோப்பையை இடப்பக்கம் நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். மாட்டுக்கொம்புக் கோப்பையில் இலைகளோடு ஊறிய ஐஸ் தண்ணீர் உலோகக் குழல் வழியே ஏறி, கடைசிச் சொட்டு தீர்ந்ததும் குழல் காற்றை இழுக்கும் கரகர ஓசை கேட்டது. கோப்பை காலியாக அவள் கைக்குத் திரும்பி வந்தது. தனக்கு ஊற்றிக் குடித்தாள், மறுபடி நிரப்பினாள், மறுபடி நீட்டினாள். புதிய மாணவர்களுக்கான பதிவுப் பக்கத்தின் நிரலை ஓடவிடாமல் அடித்துக்கொண்டிருந்த ஓர் அரைப்புள்ளியை அவள் அவ்வளவு மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. கிடைத்த பிறகுதான், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த டெர்லிஸ் எப்போதோ வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்பது ஞாபகம் வந்தது.

கோப்பை அவள் கையில்தான் இருந்தது. குழலின் வாய்ப்பகுதி ஈரமாக இருந்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சுழல்நாற்காலி ஒன்று, அதன் முதுகில் யாரோ மறந்துபோன துண்டு, அவ்வளவுதான்.

டெர்லிஸ் கிளம்பும்போது முறைப்படி நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரே கோப்பையை மாற்றி மாற்றிக் குடிக்கும் தெரெரே வட்டத்தில் நன்றி என்றால் எனக்குப் போதும் என்று பொருள். அதைச் சொல்லாதவருக்கு ஊற்றுகிறவள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"போதும் தாயே, நன்றி. அக்கா பையனுக்குப் பிறந்தநாள், கறி சுட ஆரம்பிச்சிருப்பாங்க. நீயும் கெளம்பு," என்றான் பையை மாட்டிக்கொண்டே. "எல்லாரும் சியெஸ்தா தூங்குற நேரத்துல முழிச்சிருந்தா ஜாசி ஜாதெரே வந்து தூக்கிட்டுப் போயிரும். சின்ன வயசுல உங்கம்மா சொல்லலியா?"

"அது சின்னப் பிள்ளைங்களத்தான் தூக்கும். மொதல்ல உன்னத்தான் தூக்கணும், போடா."

சிரித்துக்கொண்டே போனான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. காந்தப் பூட்டு ஒட்டும் சத்தத்தை அவள் காதால் கேட்டாள்.

கணினி மாணவர் மன்றத்தின் அறை பாதி நிலத்துக்குள் புதைந்தது. ஜன்னல் கிடையாது. பழைய கணினிகளின் சூடான தூசி வாடை, சுவரில் ஏறிய ஈரத்தின் வாடை, யாரோ போன வாரம் அலமாரியில் விட்டுப்போன சிப்பா ரொட்டியின் புளித்த பாலாடைக்கட்டி வாடை எல்லாம் குளிர்சாதனத்தின் காற்றில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. மேலே சனிக்கிழமை மத்தியானம், பிப்ரவரிக் கோடை வெயில். வளாகம் முழுக்க ஓர் ஆள் கிடையாது. வாயிற்காவலர் மாமர நிழலில் தொப்பியை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

சமாதானம் சொல்லிக்கொள்வதில் அரசெலி கெட்டிக்காரி. வேலை மும்முரத்தில் நானே ரெண்டு தடவை குடித்திருப்பேன், கை நீட்டியது பழக்கதோஷம். அப்படிச் சொல்லிக்கொண்டே கதவுக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் எரிந்தது.

உள்ளே: 2.

அந்தப் பலகை அவளுடைய கைவேலை. போன வருடம் ஒரு திருடன், கூட்டம் கலையும்போது அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எல்லோரும் போனபிறகு மன்றத்தின் நல்ல கணினியை அள்ளிக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் மன்றம் ஒரு விதி போட்டது. அன்றைக்குக் காவல்முறை யாருடையதோ அவர் கடைசி ஆளாகத்தான் வெளியேற வேண்டும். அரசெலி கதவுச் சட்டத்தில் இரண்டு மின்கண்களைப் பொருத்தினாள். வருகிறவர்களையும் போகிறவர்களையும் அவை எண்ணும். உள்ளே வேறொருவர் இருக்கும்வரை காவல்முறைக்காரரின் அட்டைக்குக் கதவு திறக்காது. மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடுமே என்று யோசித்து ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் மாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவசரத்துக்குத் திறக்க உள்பக்கம் ஒரு பொத்தான் வைக்கவேண்டும் என்று எவனோ சொன்னதற்கு, அடுத்த வாரம் என்றாள். கணினிப் பசங்களின் அடுத்த வாரம் எப்போது வரும் என்பது ஊரறிந்த விஷயம்.

இன்றைக்குக் காவல்முறை அவளுடையது.

டெர்லிஸ் போனதைக் கண்கள் எண்ணத் தவறிவிட்டன, வேறென்ன. விசைப்பலகையை இழுத்தாள். எண்ணைத் திருத்தும் பக்கத்தைத் திறந்தாள். அது திறந்துகொண்டிருக்கும்போதே அறை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. திரைகள் இருண்டன. குளிர்சாதனம் நின்றது. கோடையில் ஊரே ஒரே நேரத்தில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு படுத்தால் மின்சாரம் போகாமல் என்ன செய்யும்? பேட்டரியில் ஓடும் ஒற்றை வெள்ளைப் பட்டை விளக்கும், மூலையில் இருந்த கேமராவின் பச்சைப் புள்ளியும், இணையப் பெட்டியும், அந்தச் சிவப்பு எண்ணும் மட்டும் மிஞ்சின.

இத்தனை நேரமும் குளிர்சாதனத்தின் இரைச்சல் எவ்வளவு ஓசைகளை மூடி வைத்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஐஸ் குடுவைக்குள் கட்டிகள் சரிந்தன. குழாய்க்குள் எங்கோ தண்ணீர் நடந்தது. அதற்கும் அடியில், மிக மெல்ல, மூக்கடைப்பு உள்ளவர்கள் தூக்கத்தில் விடுவதுபோல ஒரு மூச்சு. அரசெலி தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் பயந்தாள்.

கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போனாள். தேய்த்தாள். சிவப்பு, ஒரு பீப் ஒலி. மறுபடி தேய்த்தாள். சிவப்பு. இரும்புக் கதவைத் தோளால் இடித்தாள். அது அசையக்கூட இல்லை. கத்தினாள். மேலே வெயில் மட்டும்தான் இருந்தது.

அந்த அறையில் போன் வேலை செய்வது இணையப் பெட்டி இருக்கும் மேஜையின் மூலையில் மட்டும்தான். அங்கே போய்க் குனிந்து டெர்லிஸைக் கூப்பிட்டாள். அம்மாவின் செய்தி ஒன்று மேலே மின்னியது. மரவள்ளிக்கிழங்கு ஆறிப்போகிறது, எப்போ வர்றே. அரெகுவாவில் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். மகள் வராமல் அவள் சாப்பிட உட்காரமாட்டாள்.

"என்ன தாயே, அதுக்குள்ள என்னைத் தேடிட்டியா?" டெர்லிஸின் பின்னால் பாட்டும், கரியில் சொட்டும் கொழுப்பின் சத்தமும் கேட்டன.

"டெர்லிஸ், கதவு தெறக்கல. உள்ள ரெண்டு பேருன்னு காட்டுது. கரண்டும் போயிருச்சு."

"உன் கதவு உன்னையே புடிச்சு வச்சிருச்சா?" விழுந்து விழுந்து சிரித்தான். "இத நான் மன்றத்துல படம் போட்டுக் காட்டாம விடமாட்டேன்."

"சிரிக்காதடா. இங்க யாரோ இருக்காங்க."

அவள் குரலில் எதையோ கேட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "இரு, கேமராவுல பாக்குறேன்." கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது. "ஒரே ஆள்தான் தெரியுது அரா. நீதான். அறை முழுக்கத் தெரியுது, வேற யாருமே இல்ல. உன் கண்ணு ரெண்டும் தப்பா எண்ணிருச்சு."

"நீ கதவைத் தெறந்து விடமுடியாதா?"

"எப்படி முடியும்? தூரத்துலேர்ந்து தெறக்குற வழியே வேணாம்னு அடம்புடிச்சது யாரு?"

அதுவும் உண்மைதான். கணினி படிக்கிறவர்கள் நடுவில் அப்படியொரு வழியை விட்டுவைத்தால் ஒரே ராத்திரியில் மன்றம் சந்தைக்கடை ஆகிவிடும் என்று சொன்னவள் அவளேதான்.

"ஆனா எண்ணை மாத்தலாம்," என்றான். "ரெண்டை ஒண்ணுன்னு போட்டுட்டாப் போச்சு. நீ கதவுகிட்டப் போய் நில்லு. மாத்துன உடனே அட்டையத் தேய். போனை அங்கயே வச்சிரு, ஒலிபெருக்கில போடு."

எவ்வளவு எளிது. எண் தப்பாக இருந்தால் எண்ணைத் திருத்துவது. இருவருமே அப்படிப் பழகியவர்கள்தான். போனை மேஜையில் வைத்துவிட்டு அரசெலி கதவுக்கு நடந்தாள். கதவில் முதுகைச் சாய்த்து அறையைப் பார்த்து நின்றாள், அறைக்கு முதுகைக் காட்ட மனம் வரவில்லை. விளக்குப் பட்டையின் வெளிச்சம் மேஜைவரை சரியாக எட்டவில்லை. நாற்காலியின் மேலிருந்த துண்டு கொஞ்சம் பருமனாகத் தெரிந்தது. வியர்வை முதுகில் இறங்கியது.

"தயாரா?" டெர்லிஸின் குரல் மேஜையிலிருந்து வந்தது. "ஏய், கதவுகிட்டப் போன்னு சொன்னேன்ல?"

"கதவுகிட்டதான் நிக்கிறேன்!"

"வெளாடாத அரா. கறி தீஞ்சுரும். எந்திரி."

"டெர்லிஸ். நான் நிக்கிறேன்."

"மேஜைலதான உக்காந்திருக்க. காலை ஆட்டிக்கிட்டு. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

ஒரே ஆள்தான் தெரியுது, என்றானே.

அரசெலி மூலைக் கேமராவைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். "இங்க பாரு! கதவைப் பாரு! டெர்லிஸ், மாத்தாத! எண்ணை மாத்தாத!"

"என்னமோ இரைச்சலா இருக்கு," என்றான் அவன், யாரிடமோ சொல்வதுபோல. "அரா, கேக்குதா? மாத்தட்டுமா?"

மேஜைப் பக்கமிருந்து, போனுக்கு வெகு அருகிலிருந்து, அவளுடைய குரல் பதில் சொன்னது. களைத்துப்போன, கொஞ்சம் செல்லம் கொஞ்சும் குரல். அவளே அப்படித்தான் பேசுவாள்.

"மாத்துடா. ஒண்ணுன்னு போடு."

நின்றிருக்கலாம். கதவை விட்டு நகராமல், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் அவன் விரல் இன்னும் அழுத்தியிருக்காது, போனைப் பிடுங்கி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. ஓடினாள். நாற்காலியில் இடித்தாள். குடுவை உருண்டு ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் பரவியது. மேஜை மூலையைக் கையால் துழாவினாள்.

போன் இல்லை.

மேஜைமேல் ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த சூடு.

பின்னால் பீப் ஒலித்தது. பச்சை.

திரும்பினாள். கதவு திறந்திருந்தது. படிக்கட்டின் வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்த வெயிலில் மன்றத்தின் நீலச் சட்டை. அவளுடைய பை. அவளுடைய பின்னல். கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளும் அவளுடைய பழக்கம். காதில் போன்.

"தெறந்துருச்சுடா. நல்லவேளை. கறி மிச்சம் வை, வர்றேன்."

ஓடினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஓடினாள். கதவு மூடிக்கொண்டிருந்தது. இடுக்கில் கையை நுழைத்தாள். இரும்பு சட்டத்தோடு ஒட்டியது. காந்தம் பிடித்தது.

கை உள்பக்கம்தான் இருந்தது. வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை?

வெளியே செருப்பொலி படியேறியது. அந்தக் குரல் இப்போது வேறொருவரிடம் பேசியது. இன்னும் செல்லமாக.

"அம்மா, கெளம்பிட்டேன். நீ சாப்பிடாம இரு. சேந்து சாப்பிடலாம்."

"அம்மா!" அரசெலி கதவை அறைந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தாள். "அம்மா, அது நான் இல்ல! கதவைத் தெறக்காத! அம்மா!"

அறைந்ததற்குச் சத்தம் வரவில்லை.

செருப்பொலி தேய்ந்தது. மேலே ஏதோ ஒரு பறவை, பிறகு அதுவும் இல்லை. வெள்ளைப் பட்டை விளக்கு தானாக அணைந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எதற்கு என்று நிரல் எழுதியதும் அவள்தான்.

இருட்டில் சிவப்பு எண் மட்டும்.

உள்ளே: 0.

வாசலின் இரண்டு கண்களுக்கு நடுவே போய் நின்றாள். முன்னால் வந்தாள். பின்னால் போனாள். கையை ஆட்டினாள். எண் மாறவில்லை. குதிகாலை உயர்த்தி எட்டி, அந்தப் பாழும் எண்ணைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளங்கையால் பொத்தினாள்.

உள்ளங்கையை ஊடுருவி அது அப்படியே தெரிந்தது. கொஞ்சமும் மங்காமல்.