வெள்ளைக் கிரீமில் கறுப்பு விரல்

"என் கேக்குல பால் இருந்துச்சா இல்லையா, அது எனக்குத் தெரியணும் மேடம்" என்றாள் குசுமாவதி. உட்காரக்கூட இல்லை. "ஊரு என்ன வேணா பேசிக்கட்டும். மொதல்ல எனக்குத் தெரியணும்."

ஜோதியம்மாள் நாற்காலியைக் காட்டினாள். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும், காணாமல் போன நகை, ஓடிப்போன பெண் என்று யாராவது வாசல் மணியை அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரைக் கொண்டுவந்து சேர்ப்பவன் குமரேசன். ஐம்பதைத் தாண்டிய ஆட்டோக்காரன்; துப்பு என்று காதில் விழுந்தால் போதும், சவாரியை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பான். ஆருத்ரா தரிசனத்துக்குக் கோயிலுக்குப் போய் வாங்கிவந்த தீப மை அவன் நெற்றியில் வேர்வையோடு சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்க மனம் வருமா? வருஷத்துக்கு ஒருமுறை கிடைப்பது.

"மேடம், அந்த வீடியோல சொல்ற கேக்குக்காரம்மா இவங்கதான்" என்றான் குமரேசன்.

அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் ஊரில் கிடையாது. கவிநிலா என்கிற நாலு வயதுப் பெண், பிறந்தநாள் கேக்கைத் தின்ற கையோடு முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சி. பிழைத்துக்கொண்டாள், நல்லவேளை. ஆனால் அதற்குள் அப்பன் கோபி, "பால் இல்லாத கேக்குன்னு ஏமாத்தி என் பொண்ணைக் கொல்லப் பாத்தா" என்று கத்தியது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிவிட்டது. செங்கம் ரோட்டில் குசுமாவதியின் சின்னக் கடைக்குக் கல் விழுந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் நாளைக்கே கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதிகாரிகள் எடுத்துப்போன கேக்கின் சோதனை முடிவு எப்போது வரும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"கேக்குல என்னென்ன போட்டே?" என்று கேட்டாள் ஜோதியம்மாள்.

"நாங்க ஜெயின், மேடம். முட்டை எங்க வாசப்படி ஏறினதே கிடையாது. பாலை இந்தக் கொழந்தைங்களுக்காக விட்டேன். ஆசிரமம் பக்கம் வாடகைக்கு இருக்கிற அம்மாங்க, எங்க புள்ளைக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாதுன்னு வந்து நிப்பாங்க. மத்த புள்ளைங்க கேக்கு தின்னும்போது இதுங்க ஓரமா நின்னு பாக்கும். பாக்க சகிக்காது. வாழைப்பழம், வெல்லம், தேங்காய்ப்பால். ஆளி விதையை அரைச்சு ஊற வெச்சா முட்டைக்குப் பதிலா மாவைப் பிடிச்சுக்கும். மேல இருக்கிற வெள்ளைக் கிரீமு, கொண்டைக்கடலை வேக வெச்ச தண்ணியில சர்க்கரை போட்டு நுரைக்க நுரைக்க அடிச்சது."

"பின்னே உனக்கே ஏன் சந்தேகம்?"

குசுமாவதியின் முகம் வெளுத்தது. "அன்னிக்குத் தேங்காய் கம்மியா இருந்துச்சு. கடையில தேங்காய்ப்பால் பவுடர் வாங்கிப் போட்டேன். சில பவுடர்ல பால் சத்து கலப்பாங்க மேடம். நான் எப்பவும் பாக்கெட்டைப் படிச்சிட்டுதான் வாங்குவேன். அன்னிக்கு அவசரத்துல படிச்சேனா இல்லையான்னு ஞாபகமே வரல. பாக்கெட்டும் குப்பையில போயிடுச்சு. கண்ணை மூடினா அந்தப் புள்ளை மூச்சு வாங்குறதுதான் தெரியுது."

அடப்பாவமே என்றிருந்தது குமரேசனுக்கு. முடிஞ்சது கதை, பவுடர்தான் என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டான்.

"அதே மாவுல வேற யாருக்காச்சும் செஞ்சியா?"

"கொஞ்சம் மாவு மிச்சம் இருந்துச்சு. சின்ன கேக்கா ஊத்தி ஆசிரமம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பையனுக்கும் பால் ஆகாது. மறுநாள் அவங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க. போன் போட எனக்குத் தைரியம் வரல."

"நம்பரைக் கொடு. நான் பேசறேன். வேற என்ன இருக்கு?"

குசுமாவதி தன் போனை நீட்டினாள். கேக் வெட்டியதும் குழந்தையின் அம்மா மணிமொழி சந்தோஷமாய் அனுப்பிய படம். வெள்ளைக் கிரீமில் கவிநிலா விரலை விட்டு அள்ளியிருந்தாள். அள்ளிய இடத்தில் கறுப்பாய் ஒரு தீற்றல்.

"எள்ளு, சாக்லேட்டு, கறுப்பா எதாச்சும் போட்டியா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"புள்ளைங்க கை எப்ப மேடம் சுத்தமா இருந்திருக்கு? மண்ணுல வெளாடியிருக்கும்" என்றான் குமரேசன். ஜோதியம்மாள் படத்தையும் அவனையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தாள்.

கோபியின் வீட்டில் அவர்களை உட்கார வைத்தது அவன் அக்கா வேதா. வாய் ஓயாத பெண்மணி. "பாலும் நெய்யும் குடுக்காம வளத்தா புள்ளை நோஞ்சானா இல்லாம எப்படிம்மா இருக்கும்? எங்கிட்ட விடுடா, ஆறே மாசத்துல தேத்திக் காட்டறேன்னு தம்பிகிட்ட தலைப்பாடா அடிச்சுக்கறேன். பொறந்தநாளுக்கு ஆசையா பால்கோவா வாங்கியாந்தேன். அதைப் பிரிக்கவே விடலையே இவ!"

குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பால்கோவா! பவுடரின் மேல் எழுதிய தீர்ப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு வேதாவின் பேரை எழுதிக்கொண்டான்.

வேதா பேச்சோடு பேச்சாய் அவன் நெற்றியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "உங்க நெத்தியிலயாவது சாமி மை இருக்கு. நானும் தலைக்கு ஒரு பாக்கெட்டா வாங்கியாந்து பூஜை அலமாரியில வெச்சேன். ஒண்ணையும் காணோம். இந்த வீட்ல எந்தப் பொருள் வெச்ச எடத்துல இருக்கு?"

மணிமொழி காபி கொண்டுவந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கவிநிலா.

"அண்ணியைச் சொல்லாதீங்க" என்றாள், ஜோதியம்மாள் பால்கோவாவைப் பற்றிக் கேட்டதும். "அந்தப் பெட்டி பிரியவே இல்ல. கேக் வெட்டினது கேக் பெட்டியோட வந்த மரக் கத்தி. காலையிலருந்து குளிப்பாட்டினது, துணி போட்டது, பொட்டு வெச்சது, ஊட்டினது எல்லாம் நான்தான். என்னைத் தவிர யாரும் அவளைத் தொடக்கூட இல்ல."

"அப்ப கேக்குதானே?" என்றான் கோபி. மணிமொழி தரையைப் பார்த்தாள்.

ஜோதியம்மாள் குழந்தையை அருகே இழுத்துத் தலையைக் கோதினாள். மணிமொழி சும்மா நின்றாள். குமரேசனுக்கும் ஆசை. நெற்றி வேர்வையை விரலால் வழித்துவிட்டு, "என்னடா கண்ணு" என்று அந்தக் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டினான்.

"தொடாதீங்க!"

மணிமொழி குழந்தையை வெடுக்கென்று இழுத்த இழுப்பில் காபி டம்ளர் உருண்டது. குமரேசன் நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். அவனுக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கிளம்புமுன் ஜோதியம்மாள் கோபியிடம், "நீங்க போட்ட வீடியோ பாதிதானே? முழுசும் இருந்தா அனுப்புங்க" என்றாள். "தாராளமா பாருங்க. எனக்கு என்ன பயம்?" என்று மிடுக்காகவே அனுப்பி வைத்தான்.

ஆட்டோவில் ஏறியதும் குமரேசன் பொரிந்து தள்ளினான். "ஆட்டோக்காரன் கைன்னா அவ்ளோ எளக்காரமா மேடம்? நீங்க தொட்டப்ப வாயை மூடிக்கிட்டுதானே இருந்தா! என் கையில என்ன சாக்கடையா ஒட்டியிருக்கு?"

"கண்ணாடியில மூஞ்சியைப் பாரு, குமரேசா."

பார்த்தான். "என்ன இருக்கு? என் மூஞ்சிதான் இருக்கு."

"நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டு அவள் போனில் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பிறகு ஊருக்குப் போய்விட்ட அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள். கடைசியில், "குசுமாவதியைக் கூட்டிட்டு வா. சாயந்தரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போறோம்" என்றாள்.

சாயந்தரம் கோபியின் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். குசுமாவதி மட்டும் கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

"கேக்குல பால் இல்ல" என்று ஆரம்பித்தாள் ஜோதியம்மாள். "அதே மாவுல செஞ்சதை, பால் ஆகாத இன்னொரு பையனும் தின்னிருக்கான். அவனுக்கு ஒண்ணுமே ஆகல. அவங்கம்மாகிட்டப் பேசிட்டேன்."

குசுமாவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டும்போது கலந்திருக்கும்னும் சொல்ல முடியாது. மரக் கத்தி பெட்டியோட வந்தது, பால்கோவா பிரியவே இல்ல. இப்ப இதைப் பாருங்க." அவள் போனை மேசைமேல் வைத்தாள். "இன்னும் கேக்கே வெட்டல. ஆனா புள்ளை எடது கன்னத்தைத் தேச்சுக்கிட்டே இருக்கா. கன்னம் செவந்து தடிச்சிருக்கு. வாய்க்குள்ள போனதுனால ஆரம்பிச்சிருந்தா வாயிலதானே மொதல்ல வரணும்? வெட்டறதுக்கு முன்னாடியே கன்னத்துல எப்படி வந்துச்சு?"

கோபி குனிந்து பார்த்தான். இதே வீடியோவில் முன்பாதியை வெட்டியெறிந்தவன் அவன்தான்.

"அந்தக் கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு. கடையில விக்கிற பொட்டு வெச்ச கொஞ்ச நேரத்துல காஞ்சிடும். இது காயல. தேய்க்கத் தேய்க்கக் கன்னமெல்லாம் இழுவுது, விரல்ல ஒட்டுது. அந்த விரலாலதான் கிரீமை அள்ளி வாயில வெச்சா. குமரேசா, இங்க வா. நெத்தியைத் தொட்டுட்டு இந்தப் பேப்பர்ல விரலை வை."

குமரேசன் வைத்தான். வெள்ளைத் தாளில் கறுப்பாய் ஒரு தீற்றல். சுற்றிலும் எண்ணெய் ஊறிப் பரவியது.

"தீப மை" என்றாள் ஜோதியம்மாள். "மலைமேல கொப்பரையில எரிஞ்ச நெய்யோட கரி. நெய் விட்டுக் குழைச்சதுதான் மை. நெய்யும் பால்லருந்து வர்றதுதானே? புள்ளைக்குப் பால், தயிர், நெய் கொடுத்தீங்களான்னு கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவீங்க. அதுல பொய்யே கிடையாது. நம்ம ஊர்ல யாரு சாமி மையை நெய்னு நெனைக்கறாங்க? ஆனா இந்த வீட்ல ஒருத்தருக்கு அது அப்புறமா தெரிஞ்சிடுச்சு. அதனாலதான் அலமாரியில ஒரு பாக்கெட்டும் இல்ல. அதனாலதான் நான் தொட்டப்ப சும்மா இருந்தவங்க, நெத்தியில மையோட இவன் கை நீட்டினதும் பதறினாங்க."

குமரேசன் மணிமொழியைப் பார்த்தான். பகலெல்லாம் வைதுகொண்டிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நான்தான் வெச்சேன்" என்றாள் மணிமொழி. "கண்ணு பட்டுடக் கூடாதுன்னு. பொறந்ததுலருந்து ஒரு பிஸ்கெட்டுகூடப் படிச்சுப் பாக்காம கொடுத்ததில்ல. ஆஸ்பத்திரியில நர்சு கன்னத்தைத் தொடச்சாங்க. பஞ்சுல மை வந்துச்சு. அப்பதான் ஒறைச்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள் குசுமாவதி.

"எப்படிக்கா சொல்லுவேன்? என் கையாலதான் ஆச்சுன்னா கொழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அண்ணி வீட்ல ஒரு டம்ளர் பால் போதும். என் பொண்ணு பொழைக்க மாட்டா."

"சாமி மையால ஒடம்புக்கு வந்துச்சாம்!" வேதா எழுந்துவிட்டாள். "எங்கயாவது அடுக்குமா இது? அந்தப் பேச்சைப் பேசின வாய் வெளங்குமா?"

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு" என்றான் கோபி. அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

குசுமாவதி இரண்டடி முன்னால் வந்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ங்க. கேக்கால இல்லன்னு ஒரு வார்த்தை, அதே போன்ல சொல்லிடுங்க."

"பின்னே எதனாலன்னு கேப்பாங்களே?" என்றான் கோபி. "சாமி மையாலன்னு சொல்லவா? இந்த ஊர்ல இருந்துக்கிட்டு? வீடியோவை அழிச்சிடறேன். அதோட விட்டுடுங்க."

"அது போய்ச் சேர வேண்டிய எடத்துக்கெல்லாம் போய்ச் சேந்துடுச்சே!" என்று கத்திவிட்டான் குமரேசன். "சரி, நீங்க சொல்லாதீங்க. நாங்க சொல்றோம். ஊரு பூரா நான் சொல்றேன்!"

"வேணாம்ணா" என்றாள் குசுமாவதி. "ஜெயின் பொம்பளை தப்பிக்கறதுக்காக எங்க சாமி மையைக் குத்தம் சொல்றான்னுதான் ஆவும். அப்ப கல்லு என் கடையோட நிக்காது." பிறகு மணிமொழியைப் பார்த்தாள். "நீ சொல்லலாம். பெத்தவ சொன்னா நம்புவாங்க."

மணிமொழி வாயைத் திறந்தாள். வேதாவைப் பார்த்தாள். உள்ளறையில் கவிநிலா பொம்மையோடு பேசுவது கேட்டது. மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜோதியம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கண்டுபிடிச்சிட்டேன், குசுமா. நீ கேட்டதுக்குப் பதில் கெடச்சிடுச்சு" என்றாள் வெளியே வந்து. அவள் குரல் அவ்வளவு சுரத்தில்லாமல் ஒலித்து குமரேசன் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் கடையைக் காலி செய்தார்கள். அடுப்பும் அண்டாவும் கரண்டிகளும் குமரேசனின் ஆட்டோவில் ஏறின. நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தான் அவன்.

குசுமாவதியின் ஊருக்குப் போகும் வழி கோபியின் வீட்டைத் தாண்டித்தான். முன்னால் ஒரு மாட்டுவண்டி மறித்ததில், போயும் போயும் அந்த வாசலில் ஆட்டோ நின்றது. மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கவிநிலா நின்றிருந்தாள்.

"கேக் ஆன்ட்டி! கேக் ஆன்ட்டி! அடுத்த பர்த்டேக்கு ரோஸ் கலர் கேக்கு!"

குசுமாவதி வெளியே தலையை நீட்டினாள். கையை அசைப்பதற்குள் பின்னாலிருந்து மணிமொழியின் கை வந்து ஜன்னல் கதவைச் சாத்தியது.

மாட்டுவண்டி நகர்ந்தும் குமரேசனுக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"எடுங்கண்ணா" என்றாள் குசுமாவதி. கொஞ்ச தூரம் போனதும், யாரையும் கேட்காத மாதிரி கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு இனிமே யாரு கேக்கு செஞ்சு தருவாங்க?"