ஹெல்லே பண்ணையின் கயிறு

ஆளில்லாத வீட்டு வாசலில் கயிறு மட்டும் புதிதாக இருந்தது. மலைகளுக்கிடையே நீளமாகப் புகுந்த கடலான ஃபியோர்டின் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறையின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் ஹெல்லே பண்ணையை அதன் சொந்தக்காரர்கள் விட்டுப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கூரையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது, கதவில் பாசி, சுவரெல்லாம் ஆட்டு மூத்திர வாடை. ஆனால் வாசல் கல்லில் அடித்திருந்த இரும்பு வளையத்தில் தொங்கிய கயிறு, யாரோ இப்போதுதான் எண்ணெய் தடவிக் கட்டியதுபோல் மினுங்கியது.

வளையம் எதற்கென்று அந்தக் கரையில் பிறந்த தூருனுக்கும் தெரியும். வாசலைத் தாண்டினால் பாதாளம். புல் அறுக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி, அந்த வளையத்தில் பிணைத்துவிட்டுப் போவார்கள்.

தூருனுக்கு வேறு கவலை. பயணிகளுக்காக அவள் திட்டம் போட்டுக்கொண்டிருந்த ஐந்து நாள் சுற்றுலாவில் அருவி, பனியாறு, மலை ரயில் எல்லாம் முடிவாகிவிட்டன. மூன்றாம் நாள் மதியம் மட்டும் ஓட்டையாகக் கிடந்தது. குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் இங்கே ஏறி, புல்லில் உட்கார்ந்து வாஃபிள் தின்ன முடியுமா என்று பார்க்கத்தான் நான்கு வயது மகள் சிக்னியையும் அழைத்து வந்திருந்தாள். பிள்ளை சிணுங்காமல் ஏறிவிட்டது.

வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே துறையில் காத்திருந்த படகுக்காரர் எய்லிஃப். "என்ன, போய்ச் சேந்தாச்சா?"

"சேந்தாச்சு. எடம் அருமையா இருக்கு. மேகந்தான் எறங்குது."

"பிள்ளையக் கட்டிட்டியா?"

"அவ என்ன ஆடா?"

"சிரிக்காத. எங்கம்மா பொறந்த வீடு அது. பிள்ளையோட போனா மொதல்ல கட்டிடணும். நீ கட்டலேன்னா அவங்க கட்டிடுவாங்க."

"யாரு?"

இரைச்சல் மட்டும்தான் பதிலாக வந்தது. பயணிகளிடம் இதைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள், மூன்றாம் நாளுக்குக் கதையும் கிடைத்துவிட்டது என்று தூருன் தனக்குள் சிரித்துக்கொண்டாள். சிக்னியை வாசலில் பூப்பறிக்கச் சொல்லிவிட்டு, மழை வந்தால் எத்தனை பேர் ஒதுங்கலாம் என்று பார்க்க உள்ளே போனாள்.

உள்ளே இருட்டு. ஈர மரத்தின் வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை, மெலிதாக, சூடாக: உருளைக்கிழங்கு வேகும் வாசனை. அடுப்பில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. வெளியே சிக்னி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்; கீழே ஆழத்தில் தண்ணீர் பாறையில் மோதிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது.

தூருன் வெளியே ஓடினாள். வாசலை மேகம் மூடியிருந்தது. சிக்னி கல்லின்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கயிறு. முடிச்சு முதுகுப் பக்கம், அவள் கைக்கு எட்டாத இடத்தில்.

"யாருடி கட்டினது?"

"ஒரு அம்மா. நான் விழுந்துடுவேன்னு அவங்களுக்கு பயம்."

முடிச்சு இளகவில்லை. நகம் பிய்ந்தது. கத்தியை எடுத்து, இடுப்பைச் சுற்றியிருந்த கயிற்றையே அறுத்து எடுத்தாள். அறுந்த கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. கத்தியை அங்கேயே போட்டுவிட்டு, பிள்ளையைத் தன் மழைச்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு பாதையில் இறங்கினாள். வழுக்கும் கல். பின்னால் புல்லில் ஏதோ உரசிக்கொண்டே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

துறையில் அவள் முகத்தைப் பார்த்ததும் எய்லிஃப் உடனே படகை எடுத்தார். கரை விலகியது. தூருனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, அழுகையும் வந்தது. மழைச்சட்டையைத் திறந்து பிள்ளையைத் தரையில் நிறுத்தினாள்.

சிக்னியின் இடுப்பில் கயிறு இருந்தது.

அதன் மறுமுனை படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிருந்தது.

"வெட்டினியா?" எய்லிஃப் கயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

"படக நிறுத்துங்க."

எஞ்சினை அணைத்தார். படகு நின்றது.

கயிறு நிற்கவில்லை. சொட்டச் சொட்டத் தண்ணீரிலிருந்து எழுந்தது. படகிலிருந்து கரைக்கு. கரையிலிருந்து பாறைக்கு. பாறையிலிருந்து மேகத்துக்குள். மேலே யாரோ கை மாற்றிக் கை மாற்றி, பொறுமையாக, இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

தூருன் மகளை இறுகக் கட்டிப்பிடித்தாள். அந்தப் பிடிக்குள்ளேயே, சிக்னியின் சின்னப் பூட்ஸ் படகின் தரையில் ஒரு சாண் நகர்ந்தது.