பஞ்சுவுக்குச் சாயம் போட்டவன்

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம்... அருள்புரத்துக் கால்நடை கிளினிக்கின் ஷட்டரை இறக்கலாமென்று அனுப்பிரியா எழுந்தபோது, நனைந்த சட்டையும் கையில் ஒரு நாயுமாக அவன் வாசலில் வந்து நின்றான்.

அவள் முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான். திருட்டு மாங்காய் பறித்து அகப்பட்டவனைப் போல மருண்ட, பெரிய கண்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது... நாயைப் பார்க்கிறவரைக்கும். நாய் தலை முதல் வால் வரை மஞ்சளாக இருந்தது.

"என்னங்க இது?"

"மஸ்டர்ட் கலருங்க," என்றான் பணிவாக. "கொஞ்சம் ரெட் தூக்கலாப் போயிருச்சுங்க."

அனுப்பிரியாவுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. நாயை வாங்கி மேஜைமேல் நிறுத்தினாள். அது பின்னங்காலால் விடாமல் கழுத்தைச் சொறிந்தது.

"ஏனுங்க, படிச்சவர்தானே நீங்க? வாயில்லா ஜீவனுக்குச் சாயம் போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? என்ன டை இது?"

"டை இல்லீங்க டாக்டர். மஞ்சளும் காசுக்கட்டியும்தான் கொதிக்க வெச்சேனுங்க. கலர் நிக்கோணுமேன்னு படிகாரம் ஒரு கை போட்டேன்..."

"துணிக்குக் கலர் நிக்கோணும். நாய்க்கு எதுக்குங்க நிக்கோணும்?"

அவன் பெயர் வேல்குமார்; பக்கத்துச் சாயப்பட்டறையில் லேப் மாஸ்டர். எந்த நிறத்தைக் கொடுத்தாலும் அதே நிறத்தைத் துணியில் கொண்டுவந்து விடுகிறவன். பாவம், கை பழகிய வேலையை நாயிடமும் காட்டிவிட்டான்.

கேட்கக் கேட்கத்தான் கதை வந்தது. பஞ்சு என்கிற இந்த வெள்ளை நாய் மூன்று வருடமாகப் பட்டறை கேட்டில் கிடக்கிறது. போன வருடம் வந்த சொறி ஆறிவிட்டது. ஆனால் ஆறின இடமெல்லாம் முடி முளைக்காமல் திட்டுத் திட்டாய் நின்றுவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில், துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள். சொறிநாய் கண்ணில் படக்கூடாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"தழும்பும் முடியும் ஒரே கலராயிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேனுங்க. அதுக்கும் இருக்க ஒரு எடம் வேணுமில்லீங்களா..."

அவள் கோபம் பாதி கரைந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"நாய் என்ன கண்ணாடியா பாக்குது? தழும்பு இருக்கறதுல அதுக்கு ஒரு வெக்கமும் இல்லீங்க. பாக்கறவங்களுக்காக அது எதுக்கு அரிப்பத் தாங்கோணும்?"

அவன் தலையாட்டினான். பிறகு அவள் காதோரம் பார்த்தான். தயங்கினான்... வாய் சும்மா இருந்தால்தானே.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்... நீங்களும் டை போட்டிருக்கீங்க இல்லீங்களா? அந்த எடத்துல கருப்புல கொஞ்சம் நீலம் அடிக்குதுங்க."

அவளுக்குக் காது மடல் கொதித்தது. பத்தொன்பது வயதில் இடது காதுக்கு மேலே விழுந்த ஒரு வெள்ளைக் கீற்று... பத்து வருடமாக அம்மாவைத் தவிர ஒருவரும் கண்டுபிடிக்காதது. அவன் முகத்தைப் பார்க்காமல் ஷாம்பூ பாட்டிலை நகர்த்தினாள்.

"வாரம் ரெண்டு தடவை குளிப்பாட்டுங்க. அடுத்த புதன்கிழமை கூட்டிட்டு வாங்க."

கடைசி வாக்கியத்தை ஏன் அவ்வளவு வேகமாகச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வீட்டில் அம்மா தெய்வாத்தாள் கிண்ணத்தில் டை கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வா அம்மணி. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பெருமாநல்லூர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. இப்பிருந்தே வாரம் ஒருக்கா தொட்டு உட்டாத்தான் வேர்ல தெரியாது."

டை போடத் தொடங்குமுன் வந்த முதல் வரன் அந்தக் கீற்றைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுவே பயம். அனுப்பிரியா தலையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல அரிக்கத் தொடங்கியது. சொறியப் போன விரல் அப்படியே நின்றது. ஊருக்குத்தான் உபதேசம்... அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

புதன்கிழமை அவன் வந்தான். அடுத்த புதனும் வந்தான். பஞ்சு மஸ்டர்டிலிருந்து எலுமிச்சைக்கு இறங்கியிருந்தது. அவன் மட்டும் அவளை நேராகப் பார்ப்பதே இல்லை. சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையிடமே பேசினான்.

"அந்த அட்டவணைக்கு ஒடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லீங்க... அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டனுங்க. அதுலிருந்து எங்க பாக்கறதுன்னே தெரியல."

"என் மூஞ்சியப் பாத்துப் பேசலாம். காதைப் பாக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்... அந்தக் கண்கள். ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவளுக்கு எத்தனை அளவு என்பதே மறந்து போயிற்று.

மூன்றாவது புதன் பஞ்சு பழையபடி வெள்ளையாக வந்தது, திட்டுகள் எல்லாம் பளிச்சென்று தெரிய. பையர்கள் முந்தின நாள்தான் வந்து போயிருந்தார்கள்.

"மொதலாளிகிட்ட நேராப் போயிச் சொல்லிட்டனுங்க," என்றான். "கலர் போட மாட்டேன், வெரட்டவும் மாட்டேன். வெரட்டறதுன்னா என்னையும் சேத்து வெரட்டுங்கன்னு."

"பயமா இல்லீங்களா?"

"பயமாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நீங்க சொன்னது காதுலயே நின்னுருச்சு. வந்தவங்க பஞ்சுவத் தடவிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க... மொதலாளி இப்ப அதுக்கு பிஸ்கட் போடறாருங்க."

அவள் சிரித்தாள். அவன் போன பிறகு அழுதாள். சொன்ன சொல்லுக்காக ஒருத்தன் வேலையையே பணயம் வைத்திருக்கிறான்... சொன்னவள் கிண்ணத்துக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெருமாநல்லூர்க்காரர்கள் வருவதற்குச் சற்று முன்னால், டை அடித்திருந்த முடியை அவளே வேரை ஒட்டக் கத்தரித்துவிட்டாள். காதுக்கு மேலே விரல்கடை அகலத்துக்கு வேரின் வெள்ளை மட்டும் நின்றது. அம்மா பார்த்துச் சுவரோடு சாய்ந்தாள். அதற்குள் கார் வந்துவிட்டது.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவளை மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தாள்.

"அதுக்கென்ன கண்ணு, கல்யாணத்துக்கு டை அடிச்சுக்கலாம். ஆல்பத்துல ஒண்ணும் தெரியாது." மாப்பிள்ளை நிதிஷ் ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல் ஆமாமென்றான்.

"அடிச்சா எனக்கு அரிக்குதுங்க அத்தை," என்றாள் அனுப்பிரியா மெதுவாக. "இனி அடிக்கறதா இல்லீங்க."

சொல்லியனுப்புகிறோம் என்று மரியாதையாக எழுந்து போனார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இனி எவன் வருவான் அம்மணி நம்மூட்டுக்கு?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். திட்டியிருந்தால்கூட அனுப்பிரியா தாங்கியிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் பட்டறை கேட்டில் அவள் ஸ்கூட்டி நின்றது. பஞ்சுவைப் பார்க்க வந்ததாக வாட்ச்மேனிடம் சொன்னாள். பஞ்சு காலைச் சுற்றிச் சுற்றி வந்தும், அவள் நின்றது லேப் வாசலில்.

உள்ளே துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வேல்குமார் பதறி எழுந்தான். ஸ்கூட்டியில் வரும்போது கட்டியிருந்த தலைத்துண்டை அவள் எடுத்தாள்.

"அன்னிக்கு நீலம் அடிக்குதுன்னீங்கல்ல... இப்பப் பாத்துச் சொல்லுங்க."

"இங்க வேண்டாமுங்க. வெளிய வாங்க."

சாயப்பட்டறைக்காரர்கள் டியூப்லைட்டை நம்ப மாட்டார்கள். எந்த நிறமானாலும் வெளியே எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் அவர்களுக்குத் தீர்ப்பு. மழை விட்டு வெளுத்திருந்த வானத்தின் கீழ் அவளை நிறுத்தி, அவன் பார்த்தான். அவசரப்படாமல், கண்ணைச் சுருக்கி... பத்து வருடமாக எந்தப் பார்வைக்குப் பயந்தாளோ, அந்தப் பார்வை. ஆனால் இந்தப் பார்வை வலிக்கவில்லை.

"சொல்லுங்க..."

"பதினோரு வருசமா கலர் பாக்கறனுங்க," என்றான். "எதைப் பாத்தாலும் இதுல இன்னும் என்ன சேத்தாச் சரியா வரும்னுதான் கை பரபரக்கும்... இதுல ஒண்ணும் சேக்கத் தோணலீங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"எங்கம்மா இனி எவன் வருவான்னு கேட்டுட்டு உக்காந்திருக்காங்க."

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நான் வரட்டுங்களா?"

பட்டறைக்குள் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க," என்றாள். "மொத நாளேதான்... கோவமா இருந்ததுல எனக்கே தெரியல." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவோட வாங்க. நான் இப்படியேதான் காபி கொண்டாருவேன்."